உண்மையைச் சொன்னால் குற்றமில்லை என்றது, அரசைப் பற்றிப் பொய்யாக அவதூறு எழுதுவதைக் குற்றமாக்கிய அமெரிக்காவின் 1798 செடிஷன் (அரச நிந்தனை) சட்டம். பிறகு ஏன் எழுத்தாளர்கள் சிறைக்குப் போனார்கள்?

அப்படி ஒரு பிரிவு இருந்தது நிஜம்தான். 1798 ஜூலை 14 அன்று அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எழுதியது உண்மை என்று நிரூபிக்க இடம் கொடுத்தது. அன்றைய இங்கிலாந்தில் அந்த வாய்ப்பும் கிடையாது.

கோளாறு நிரூபிக்கும் சுமையில் இருந்தது. எழுதியது பொய் என்று அரசு காட்ட வேண்டியதில்லை. உண்மை என்று எழுதியவர்தான் காட்ட வேண்டும். ஆனால் வழக்கில் சிக்கியவை பெரும்பாலும் கருத்துகள். கருத்துக்குச் சாட்சி எங்கே போய்த் தேடுவது?

வெர்மான்ட் மாநில எம்.பி. மாத்யூ லயன் அயர்லாந்தில் பிறந்தவர். ஆடம்ஸ் ஆட்சியில் பதவிப் பசியும் வீண் ஆடம்பரமும்தான் தெரிகின்றன என்று எழுதினார். தானே வாதாடிய அவர், வழக்கை நடத்திய நீதிபதி பேட்டர்சனையே பார்த்து, ‘நீங்கள் அதிபரோடு விருந்து சாப்பிட்டவர்தானே, அந்த ஆடம்பரத்தைப் பார்க்கவில்லையா?’ என்கிற பொருளில் கேட்டார். எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் நீதிபதி. 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறையில் இருந்தபடியே லயன் மறுதேர்தலில் ஜெயித்தார்.

ஆடம்ஸைத் தாக்கி எழுதிய பத்திரிகையாளர் ஜேம்ஸ் காலண்டர் மீது 1800இல் ரிச்மண்டில் நடந்த வழக்கு இன்னும் மோசம். காலண்டர் தரப்புச் சாட்சியிடம் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் எழுதித் தரச் சொன்னார் நீதிபதி சாமுவேல் சேஸ். வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தச் சாட்சியம் குற்றச்சாட்டின் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது, முழுவதையும் நிரூபிக்காது என்று சாட்சியையே தள்ளிவிட்டார். காலண்டருக்கு 9 மாதம். உண்மையைத் துண்டு துண்டாக நிரூபிக்க விடாவிட்டால் 3ஆம் பிரிவு இருந்தும் இல்லாததுதான். பின்னால் சேஸ் மீது வந்த பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. 1805இல் செனட் அவரை விடுவித்தது.

சட்டத்தின் நோக்கம் தெரிய வேண்டுமானால், அது யாருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது என்று பாருங்கள். அரசு, அதிபர், காங்கிரஸின் இரு அவைகள். துணை அதிபர் பெயர் இல்லை. அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்முகாமின் தாமஸ் ஜெஃபர்சன். காலாவதித் தேதி 1801 மார்ச் 3, ஆடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாள்.

இதோடு அதே கோடையில் வந்த மற்ற மூன்று சட்டங்களும் குடியேறியவர்கள் மேல் பாய்ந்தவை. ஐரிஷ், பிரெஞ்சுக் குடியேறிகள் ஜெஃபர்சன் பக்கம் சாய்ந்தார்கள் என்பதால், குடியுரிமைக்கான வசிப்புக் காலம் 5 ஆண்டிலிருந்து 14 ஆனது. 1802இல் மறுபடி 5. ஆபத்தானவர் என்று அதிபர் நினைக்கும் வெளிநாட்டவரை விசாரணையின்றி வெளியேற்றும் சட்டம் இரண்டு ஆண்டுக்கு மட்டும். அதன்கீழ் ஆடம்ஸ் யாரையும் நாடு கடத்தவில்லை, ஆனால் பயந்தே பல பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்வது எதிரி நாட்டவர் சட்டம். போர் அறிவிப்போ, படையெடுப்போ, படையெடுப்பு மிரட்டலோ இருந்தால்தான் அது செல்லும். நான்கில் இன்றும் உயிரோடிருப்பது அது ஒன்றுதான். போர் அறிவிப்பே இல்லாமல் 2025இல் வெனிசுவேலா நாட்டவர் மீது ஏவப்பட்டதும் அதுவே.

லயன் கட்டிய அபராதத்தை 1840இல் காங்கிரஸ் அவர் வாரிசுகளுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. நிரூபிக்கும் சுமை இடம் மாற இன்னும் நாளானது. 1964இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. தன் பணி பற்றிய அவதூறு என்று வழக்குப் போடும் அரசு அதிகாரிதான், எழுதியவர் பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று துளியும் கவலைப்படாமலோ எழுதினார் என்பதைக் காட்ட வேண்டும் என்றது.