கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட விலை குறைந்த இங்க்ஜெட் பிரிண்டர் எது? நான்கு மை போதுமா?

போதாது என்றே சொல்வேன். நான்கு மை பிரிண்டரில் சாம்பலுக்கென்று தனி மை இல்லை. பெரும்பாலும் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது. கலவை கொஞ்சம் பிசகினாலும் பாட்டியின் நரைமுடியில் பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்க்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாக இருந்த படம் ட்யூப்லைட்டுக்குக் கீழே வேறு சாயலில் தெரியும். சரி, கறுப்பு மையை மட்டும் வைத்து அச்சிட்டால்? சாயல் போய்விடும், ஆனால் கன்னம், வானம் போன்ற வெளிர் பகுதிகளில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரியும்.

அதனால் சாம்பல் மை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேனன் பிக்ஸ்மா ஜி570-இல் ஆறு மைகள், அதில் ஒன்று சாம்பல். பாட்டிலிலிருந்து மை ஊற்றும் ரகம் என்பதால் அச்சுச் செலவும் குறைவு. என் தேர்வு இதுதான். எப்சன் எல்8050-இலும் ஆறு மைதான், ஆனால் கூடுதல் இரண்டும் வெளிர் சியான், வெளிர் மெஜந்தா. வண்ணப் படத்துக்கு அருமை, உங்கள் தேவைக்கு அடுத்த இடம்தான்.

அப்புறம், டிரைவரில், அதாவது கணினியிலுள்ள பிரிண்டர் மென்பொருளில், நீங்கள் வைத்திருக்கும் தாளின் வகையையே தேர்ந்தெடுங்கள். அச்சிட்ட படத்தை ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள்.