கொள்ளுத்தாத்தாவின் பர்மா பதக்கத்தைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. அதன் மேல் 'பர்மா 1885-7' என்று ஒரு சிறு பட்டை. ஓரத்தில் ஓர் எண்ணும், கொள்ளுத்தாத்தா முனுசாமியின் பெயரும், 12-ஆம் மதராஸ் காலாட்படை என்பதும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பர்மா ராஜாவைப் பிடித்த படையில் அவர் இருந்தார் என்று பாட்டி சொல்வார். லண்டனிலிருந்து அவருடைய பணிப் பதிவேட்டை வரவழைத்து, வாரிசுகளுக்குச் சேரவேண்டிய பிரிட்டிஷ் பென்ஷன் நிலுவையையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முன்பணம் 15,000 ரூபாய். 'சரிபார்க்க' பதக்கத்தையும் கேட்கிறார். கொடுக்கலாமா? ரிப்பனும் இற்றுப்போயிருக்கிறது, மாற்றலாமா? – வாசகர், ஆம்பூர்.

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம்.

முதலில் பென்ஷன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பட்டாளத்தார் வீடுகள் உள்ள தெருக்களில் இந்தக் கதை எத்தனையோ வருடங்களாகச் சுற்றுகிறது. லண்டனில் ஏதோ ஒரு கஜானாவில் நம் தாத்தாக்களின் பணம் வட்டியோடு தூங்குகிறதாம். அப்படி ஒன்றும் இல்லை. 1947-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் ஓய்வூதியம் இந்திய அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டது. குடும்ப ஓய்வூதியம் என்பதும் மனைவிக்கும், அண்டி வாழ்ந்த பிள்ளைகளுக்கும் உரியது; கொள்ளுப்பேரனுக்கு நிலுவையாக வந்து சேரும் சொத்து அல்ல. இது தரகருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவர் குறி பென்ஷனில் இல்லை, பதக்கத்தில் இருக்கிறது.

பெயர் பொறித்த பதக்கத்துக்குச் சேகரிப்பாளர்கள் வெள்ளியின் எடையைப் பார்த்து விலை சொல்வதில்லை. உங்களிடம் இருப்பது 1854-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். 36 மில்லிமீட்டர் விட்டம். ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் வீரனுக்குச் சிறகுள்ள வெற்றித் தேவதை முடிசூட்டும் உருவம். இதைச் 'சரிபார்க்க' யாரும் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஓரத்தைச் சுற்றி நான்கைந்து புகைப்படம் எடுத்தால் போதும். கையில் கொடுத்தால் திரும்பி வருவது உங்கள் பதக்கம்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஓரத்தை ராவிப் பெயரை அழித்துவிட்டு, வேறு பெயரைப் பொறித்த பதக்கங்களை நானே பார்த்திருக்கிறேன். தட்டார் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துத் தருவார்கள், எழுத்தில் பாதி போய்விடும். கறுத்துக் கிடப்பது பதக்கத்துக்கு நல்லது.

இன்னொரு தந்திரமும் உண்டு. உங்களுடையது வெள்ளி, அதனால் தப்பித்தீர்கள். பக்கத்து வீட்டில் இதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், "இது போலி, வெள்ளியாக இருந்தால்தான் அசல்" என்று சொல்லிச் சொற்ப விலைக்கு வாங்கிவிடுவார்கள். அது போலி அல்ல. சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், காயம்பட்டவர்களை டோலியில் தூக்கியவர் என்று படையோடு போன வேலையாட்களுக்கு, சரியாக இந்த பர்மாப் பட்டையிலிருந்து வெண்கலத்தில் பதக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே போர், அதே காடு, அதே காய்ச்சல். உலோகம் மட்டும் மட்டமானது. பதக்கத்தைக்கூட ஜாதி பார்த்து வார்த்த அரசாங்கம் அது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நூறு ஆண்டைக் கடந்த வரலாற்றுப் பொருட்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "லண்டனுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குகிறேன்" என்று தரகர் சொன்னால், அவர் உங்களை ஒரு குற்றத்துக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறார் என்று பொருள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட விஷயம்: பணிப் பதிவேடு. ஏமாற்றமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1880-களின் சாதாரணச் சிப்பாய்க்கு, பிறந்த ஊர், சேர்ந்த தேதி, போன இடங்கள் எல்லாம் எழுதிய தனிக் கோப்பு இன்று கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். வெள்ளைக்கார அதிகாரியின் சேவை விவரத்தை வரிவரியாகப் பாதுகாத்தவர்கள், சிப்பாயின் தாளைப் படைப்பிரிவின் அலுவலகத்தோடு விட்டுவிட்டார்கள். ஜமேதார், சுபேதார் போன்ற இந்திய அதிகாரி என்றால் மதராஸ் ராணுவப் பட்டியல் என்ற அச்சுப் புத்தகத்தில் பெயர் வரும். உங்கள் பதக்கத்தில் எண் பொறித்திருப்பதைப் பார்த்தால், அவர் சிப்பாயாகவோ, அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட நாயக்காகவோ ஹவில்தாராகவோ இருந்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் தேடிக் கண் பழுதாக்கிக்கொள்ள வேண்டாம்.

இருப்பது பதக்கப் பட்டியல். எந்தப் படைப்பிரிவில் யார் யாருக்குப் பதக்கம் போயிற்று என்ற பெயர் வரிசை. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த துறை) ஆவணங்களில் இவை இருக்கின்றன. நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுத நீங்களே போதும். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு அங்கே பல சேவைகள் நீண்ட காலம் முடங்கிக் கிடந்தன, பொறுமை வேண்டும். எழுதும்போது பெயரை விட எண்ணையும் படைப்பிரிவையும் முன்னால் வையுங்கள். முனுசாமி என்ற பெயரை அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனிசாமி, மூனேசாமி என்று எப்படியும் இருக்கும். எண் மாறாது.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். பதக்கத்தில் 'மதராஸ்' என்று இருக்கிறதே என்று நேரே வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்டுக்கு எழுதுகிறார்கள். 1922 மறுசீரமைப்பில் உருவான பழைய மதராஸ் ரெஜிமென்டைச் சிக்கனம் என்று சொல்லி அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1942-இல் மறுபடி எழுப்பினார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் 12-ஆம் படையோ அந்த வழியிலேயே வரவில்லை. பர்மாப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அதைப் 'பர்மாப் படையணி' ஆக்கி, தென்னாட்டு ஆட்களை எடுத்துவிட்டுப் பஞ்சாபிலிருந்து ஆள் சேர்த்தார்கள். தமிழர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று மேலிடத்தில் முடிவு கட்டியிருந்த காலம். 1903-இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் மதராஸ் படைகளின் பழைய எண்களோடு 60-ஐக் கூட்டினார். 12 என்பது 72 ஆயிற்று, பெயர் 72-ஆம் பஞ்சாபிகள். 1922-இல் அது 2-ஆம் பஞ்சாப் ரெஜிமென்டின் 3-ஆம் பட்டாலியன். ஆக, ஆம்பூர் முனுசாமி பணிசெய்த படையின் வாரிசு இன்று ஜார்க்கண்டின் ராம்கரில் மையம் கொண்ட பஞ்சாப் ரெஜிமென்ட்! 10-ஆம் மதராஸ் காலாட்படை என்று இருந்திருந்தால் கதை இன்னும் வேடிக்கை. அது 10-ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆகிவிட்டது. 29 முதல் 33 வரையிலான எண்களைக் கொண்ட மதராஸ் படைகள் 8-ஆம் பஞ்சாப் ரெஜிமென்டாகி, 1947-இல் பாகிஸ்தானுக்குப் போய், 1956-இல் பலூச் ரெஜிமென்டோடு கலந்துவிட்டன. எந்த அலுவலகமும் இதை உங்களுக்குச் சொல்லாது. "எங்களிடம் பதிவு இல்லை" என்று ஒற்றை வரிக் கடிதம் வரும், அதுவும் நினைவூட்டல் அனுப்பினால். ராம்கருக்கு ஒரு கடிதம் போடலாம், தபால் செலவுதான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ராணுவத் துறைக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் தனி மனிதர் பெயர் அகப்படுவது அதிர்ஷ்டம். படைப்பிரிவு எந்த ஆண்டு எங்கே நிறுத்தப்பட்டது என்பது கிடைக்கும். போவதானால் ஒரு நாளில் வேலை முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு காப்பகத்தில் நான் சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று நாள் காத்திருந்து, கட்டு வந்தபோது அது வேறு ஆண்டின் கட்டு. திருப்பிக் கொடுத்தால், புதுச் சீட்டுக்கு வேறு அதிகாரி கையெழுத்திட வேண்டுமாம், அவர் விடுப்பில்!

பாட்டி சொன்ன ராஜா கதைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் தளபதி பிரெண்டர்காஸ்ட் தலைமையில் படை ஐராவதி ஆற்றில் கப்பலேறிப் போய் 1885 நவம்பர் 28-இல் பர்மா ராஜாவின் தலைநகரான மாண்டலேயைப் பிடித்தது. மறுநாள் திபா மன்னர் சரணடைந்தார். அவரைக் கப்பலில் முதலில் மதராஸுக்கும் பிறகு இரத்தினகிரிக்கும் கொண்டுபோனார்கள். 12-ஆம் மதராஸ் அந்தப் படையெடுப்பில் இருந்தது. ஆனால் பட்டை 1887 ஏப்ரல் வரை பணியில் இருந்தவர்களுக்கும் உரியது. ராஜா போன பிறகுதான் உண்மையான போர் தொடங்கியது. ஊர் ஊராகக் கிளர்ச்சிக்காரர்களைத் துரத்தி, முள்வேலிக் காவல்நிலைகளில் மழையில் நனைந்து கிடந்த காலம் அது. குண்டில் செத்தவர்களை விட நோயில் செத்தவர்கள் அதிகம். முனுசாமி மாண்டலேயில் இருந்தாரா, பின்னால் அனுப்பப்பட்டவரா என்பதைப் பதக்கம் சொல்லாது. பாட்டியின் கதையைப் பொய் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. மெய் என்று எழுதிக் கொடுக்கவும் மாட்டேன்.

அதே பெட்டியில் தோல் தாளில் எழுதிய விடுவிப்புச் சான்றோ, ஓய்வூதியச் சீட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் கிடைக்காத பிறந்த ஊரும் தகப்பனார் பெயரும் அதில் இருக்கக்கூடும். மடித்த தாளை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள்.

ரிப்பனை மாற்றலாம். சிவப்பில் இரண்டு நீலக் கோடுகள்; இதே மாதிரியில் புதிது தயாரித்து விற்கிறார்கள். பழையதைத் தூக்கி எறியாமல், ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.