பதினாறு பக்கப் படிவம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெர்லினில் க்ரூனவால்ட் ரயில் நிலையத்தின் 17-ஆம் நடைமேடைக்குப் போயிருந்தேன். நாஜிகள் யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றிய இடம். 186 எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, யூதர்களின் எண்ணிக்கை, ரயில் போன ஊர். இத்தனை பேரும் ஆடுமாடுபோல ஏன் பேசாமல் ஏறினார்கள்? எல்லாம் ரகசியமாக நடந்ததால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அங்கே போய் நின்றீர்களே, அதுவே பெரிது. ஆனால் ‘ஆடுமாடு’ என்று இனி எழுதாதீர்கள். அப்போது நகரில் மிஞ்சியிருந்த யூதர்களில் வயதானவர்கள் அதிகம். முதல் ரயில் 1941 அக்டோபர் 18-ல் போலந்தின் லோட்ஸ் நகருக்குக் கிளம்பியது. 23-ஆம் தேதி யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறவே தடை. நகருக்குள் ஒளிந்து பிழைத்தவர்கள் சுமார் 1,700 பேர். இது இவ்வளவு போதும்.

‘ரகசியம்’ என்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. ரகசியமாகச் செய்கிறவன் பதினாறு பக்கத்தில் சொத்துப் படிவம் அச்சடிப்பானா? நாற்காலி எத்தனை, சட்டை எத்தனை, வங்கிக் கணக்கு, காப்பீடு, வாடகை, எல்லாவற்றையும் போகிறவரே நிரப்பிக் கையெழுத்துப் போடவேண்டும். லெவட்சோ தெரு யூத ஆலயத்தை முகாமாக்கி, போகிறவர்களை அங்கே அடைத்திருந்தார்கள். அங்கே கோர்ட் அமீனா வந்து ஆளுக்கொரு பறிமுதல் உத்தரவைக் கையில் கொடுப்பார்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? 1941 நவம்பர் 25 ஆணைப்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் யூதரின் குடியுரிமையும் சொத்தும் தானாகவே பறிபோகும். கிழக்கே ஜெர்மனி பிடித்திருந்த ரீகா, மின்ஸ்க் நகரங்கள் என்றால் வேலை சுலபம், அவை ‘வெளிநாடு’. ஆனால் லோட்ஸும், கொலைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸும் ஜெர்மனியோடு இணைத்துக்கொண்ட நிலம். செக் பகுதியில் முகாம் இருந்த தெரேசியன்ஸ்டாட்டும் அந்தக் கணக்கில் வெளிநாடு ஆகாது. அங்கே போகிறவருக்குத் தனித்தனியாக உத்தரவு கொடுத்தால்தான் அவர் வீட்டு அலமாரி சட்டப்படி அரசுக்குச் சேரும். சாகடிக்க அனுப்புகிறவனுக்கு சட்டச் சிக்கல் வந்துவிடக்கூடாதாம்!

வீட்டுக்கு சீல் வைத்தபின் மதிப்பீட்டாளர் வருவார், பிறகு விற்பனை. காலி வீட்டுக்கு வாடகை பாக்கி கேட்டு வீட்டுக்காரர் அரசு நிதி அலுவலகத்துக்கு எழுதுவார். கேஸ் கம்பெனியும் கடைசி பில்லை அங்கேதான் அனுப்பும். ரயில்வே தன் பங்குக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் போட்டது: கிலோமீட்டருக்கு 4 பிஃபெனிக் (ஜெர்மன் காசு), பத்து வயதுக்குள் பாதி, நான்கு வயதுக்குள் இலவசம், குறைந்தது 400 பேர் போனால் குழுச் சலுகை. காவலர்களுக்கு மட்டும் போகவர டிக்கெட்.

இவர்கள்தானே ஐயா உங்கள் அக்கம்பக்கத்தார்?

இன்னொன்று. எல்லா ரயிலும் நீங்கள் நின்ற இடத்திலிருந்து போகவில்லை. மோவாபிட் சரக்கு நிலையத்திலிருந்து போனவர்கள் ஏராளம். முதியவர்களை தெரேசியன்ஸ்டாட்டுக்கு ஏற்றிய பெட்டிகளை, நகர் நடுவே அன்ஹால்டர் நிலையத்தில், அட்டவணைப்படி ஓடும் பயணிகள் ரயிலின் வாலில்தான் கோத்தார்கள்.