ஹெட் கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றுவது: கேள்வி பதில்

அலுமினிய சிலிண்டர் ஹெட் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் உடலான பிளாக்குக்கும் அதன்மேல் மூடும் ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகட்டை) சொந்தக் கையால் மாற்ற விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எஞ்சின் பிரித்துச் சேர்ப்பது என் தொழில் என்பதால் பதில்களும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். உங்கள் எஞ்சினுக்குரிய பணிமனைக் கையேடு கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். நான் சொல்லும் எண்கள் விளக்கத்திற்கானவை. நீங்கள் பின்பற்ற வேண்டிய எண்கள் அந்தக் கையேட்டில்தான் இருக்கின்றன.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போல ஏதோ படிந்திருக்கிறது. கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சிறிது குறைகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வண்டியைத் தினமும் குறைந்த தூரமே ஓட்டினால் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. உள்ளே உருவாகும் நீராவி வெளியேற வழியின்றி மூடியில் குளிர்ந்து, ஆயிலுடன் கலந்து அப்படிப் படியும். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால், அல்லது ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தால், கூலண்ட் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டக் கூடாது. கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்குகளை விரைவில் அரித்துவிடும்.

ஆயில் சுத்தமாக இருந்தாலும் கேஸ்கெட் போயிருக்கலாம். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்ட் வழிக்குள் மட்டும் புகும் வகைப் பழுதே அதிகம். அதற்கு மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலநிறத் திரவச் சோதனை. கூலண்டுக்கு மேலிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுக்கும்போது நீலம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கூலண்டில் இருக்கிறது. கூலண்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் இந்தச் சோதனை பாழாகிவிடும் என்பதால், முதலில் கூலண்ட் மட்டத்தைச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் எழுப்பும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் ஒன்றுபோல் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

மூன்றாவதைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். பிஸ்டனை மேல் உச்சத்தில் நிறுத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் ஸ்பார்க் பிளக் துளை வழியே காற்றைச் செலுத்துங்கள். பிறகு காதைத் தீட்டிக் கேளுங்கள். சைலன்சர் வாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடித் துளையில் அளவுக்கு மீறிக் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டர் வாயில் குமிழிகள் எழுந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். இதில் பழுது இருக்கும் இடமே தெரிந்துவிடுகிறது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கேஸ்கெட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. எஞ்சின் கொதித்ததால் போகிறது. அலுமினியம் சூட்டில் விரியும் அளவு வார்ப்பிரும்பு விரிவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிளாக் இரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் இருந்தால் ஒவ்வொரு சூட்டிலும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நகர்கின்றன. எஞ்சின் கொதிக்கும்போது அந்த நகர்வு கேஸ்கெட் தாங்கும் எல்லையைக் கடக்கிறது. ஏன் கொதித்தது என்பதற்கு விடை தெரிய வேண்டும்: தெர்மோஸ்டாட்டா, நின்றுபோன விசிறியா, அடைத்த ரேடியேட்டரா, தேய்ந்த வாட்டர் பம்பா, அழுத்தம் தாங்காத மூடியா? அதைக் கண்டுபிடிக்காமல் புதிய கேஸ்கெட் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கேள்வி: இந்த வேலைக்கு எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டுமா?

பெரும்பாலான கார்களில் வேண்டியதில்லை.

கேள்வி: ஹெட்டைக் கழற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியாக இருந்தால் நல்லது. சூடான ஹெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடும். கையேட்டில் உள்ள வரிசைப்படி, பொதுவாக இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒரே மூச்சில் கழற்றாமல் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். எல்லாப் போல்ட்டும் வெளியே வந்த பின்னும் ஹெட் அசையாவிட்டால், எண்ணி விட்டுப்போன போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கையேட்டில் நெம்புவதற்கென்று காட்டியுள்ள இடத்தில் மட்டும் மெதுவாக நெம்பி எடுங்கள். இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகாதீர்கள். அது விடும் கீறல் வழியாகவே அடுத்த கசிவு தொடங்கும்.

வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சும்கூட. குழந்தைகளும் நாய் பூனைகளும் அதை நாடி வரும்.

கேள்வி: பிளாக்கின் மேல்முகத்தில் பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரில்லில் உராய்வு வட்டு மாட்டித் தேய்த்தால் பளபளவென்று வருகிறது. இது சரியான முறைதானே?

உடனே நிறுத்துங்கள். அந்த வட்டுகளிலிருந்து உதிர்வது அலுமினியம் ஆக்சைடு என்னும் மிகக் கடினமான பொடி. சிலிண்டருக்குள்ளும் ஆயில் வழிக்குள்ளும் விழுந்த பொடியைத் துணியால் துடைத்து எடுத்துவிட முடியாது. ஹெட் கேஸ்கெட் மாற்றிய எஞ்சின் கொஞ்ச நாளிலேயே பேரிங் தட்டத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதோடு, கையில் பிடித்த வட்டு எல்லா இடத்தையும் சமமாகத் தேய்ப்பதில்லை. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் இடமே பள்ளமாகிவிட்டிருக்கும். பல அடுக்கு எஃகுத் தகடுகளால் ஆன இன்றைய கேஸ்கெட்டுகளால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

கேஸ்கெட் கரைக்கும் திரவத்தைப் பூசி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். சிலிண்டர்களையும் ஆயில் துளைகளையும் முதலிலேயே துணியால் அடைத்துவிடுங்கள்.

முகம் சுத்தமானதும் நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின்மேல் நீளவாக்கில், குறுக்கில், இரு மூலைவிட்டங்களில் வைத்து ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியை அளக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் வளைந்திருந்தால் ஹெட்டை ஃபேசிங் செய்ய, அதாவது முகத்தைச் சமமாகச் சீவ, பட்டறைக்கு அனுப்புங்கள். விரிசல் சோதனையையும் அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்து, போல்ட் துளைகள். பிளாக்கில் உள்ள துளைகள் பலவும் அடி மூடியவை. அவற்றில் கூலண்டோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறக்கினால், திரவம் ஒடுங்காது, பிளாக்தான் பிளக்கும். ஒவ்வொரு துளையையும் உறிஞ்சி எடுத்து, கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடித்து, மெல்லிய கம்பியில் துணி சுற்றி அடிவரை விட்டுப் பாருங்கள். துணி உலர்ந்து வெளியே வர வேண்டும்.

கேள்வி: நான் பல்லாண்டுகளாக மெக்கானிக்காக இருப்பவன். டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) இல்லாமலே எத்தனையோ ஹெட்டுகளை இறுக்கியிருக்கிறேன். பழகிய கைக்கு அளவு தெரியாதா, ஐயா?

உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் இந்த ஒன்றில் உடன்பட மாட்டேன். இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங்கைப் போல நீள்கிறது. அந்த நீட்சிதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்விலும் போய்விட, மீதிப் பத்தில் ஒரு பங்குதான் நீட்சியாக மாறுகிறது. உங்கள் கை உணர்வது இந்த மூன்றின் கூட்டுத்தொகையை. மரை துருப்பிடித்தோ உலர்ந்தோ இருந்தால் போல்ட் நன்றாக இறுகிவிட்டதாகக் கை சொல்லும். உண்மையில் அது நீண்டே இருக்காது. அதனால்தான் மரையிலும் தலைக்கு அடியிலும் ஆயில் தடவ வேண்டுமா, எவ்வளவு தடவ வேண்டும் என்பதைக்கூடக் கையேடு வரையறுக்கிறது. தடவுவது மெல்லிய பூச்சாக இருக்கட்டும், துளைக்குள் ஊற்றிவிடாதீர்கள். அடி மூடிய துளையைப் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

அதே அன்பர்: நான் செய்த வண்டிகள் எதுவும் கசிந்து திரும்பி வந்ததில்லையே?

பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளும் தடித்த கேஸ்கெட்டுகளும் அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டன. ஓடிச் சூடேறிய பின் மறுபடி இறுக்கும் வழக்கமும் இருந்தது. இன்றைய எஞ்சின்களில் அந்தச் சலுகை இல்லை. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் 60 பாரை (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு) எட்டினால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 2.7 டன் எடைக்குச் சமம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை எரிதல் நிகழ்கிறது. பத்துப் போல்ட்டுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தளர்ந்திருந்தால் போதும், கேஸ்கெட் அந்த இடத்தில்தான் திறக்கும். எல்லாப் போல்ட்டும் ஒரே அளவில் இறுகியிருக்கின்றனவா என்பதே கேள்வி. அதைக் கையால் உறுதி செய்ய முடியாது.

குறுக்கே இன்னொருவர்: உராய்வில் இவ்வளவு போகிறதென்றால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவும் பொய்தானே? அதை வாங்கி என்ன பயன்?

மிக நல்ல கேள்வி. எஞ்சின் வடிவமைப்பவர்களும் இதே ஐயத்தால்தான் கோண முறைக்கு வந்தார்கள். முதலில் சிறிய அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி எல்லாப் போல்ட்டையும் ஒரே தொடக்கநிலைக்குக் கொண்டுவருகிறோம். அதன் பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை என்று திருப்புகிறோம். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் கால் சுற்றுக்குப் போல்ட் 0.375 மில்லிமீட்டர் இறங்குகிறது. உராய்வு கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆக, டார்க் ரெஞ்ச் தொடக்கத்துக்கு, கோணம் முடிவுக்கு. இரண்டும் வேண்டும். போல்ட் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தால் 90 பாகையைக் கண்ணாலேயே துல்லியமாகத் திருப்பலாம். இந்தக் கட்டத்தில் பழகிய கையும் கண்ணும் பெரிதும் உதவும் என்று மேலே கேட்ட மெக்கானிக் அன்பர் சொன்னால் நான் மனமார ஒப்புக்கொள்வேன்.

டார்க் ரெஞ்சை வெட்டி இழுக்காமல் சீராக இழுங்கள். அதைக் கொண்டு போல்ட் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: பழைய ஹெட் போல்ட்டுகள் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. அவற்றையே போடலாமா?

கோண முறையில் இறுக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை நிரந்தரமாக நீளும் எல்லைவரை இழுக்கப்பட்டவை. நீளத்தை அளந்து மறுபடி பயன்படுத்தலாம் என்று கையேடே அனுமதித்தால் ஒழிய, புதியவைதான் போட வேண்டும்.

கேள்வி: ஆயில் மூடியில் வெள்ளையாகப் படிகிறது. கேஸ்கெட் போய்விட்டதா?

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைக்கும் திரவம் கிடைக்கிறது. ஹெட்டைக் கழற்றாமல் அதையே ஊற்றினால் என்ன?

60 பார் அழுத்தத்தை அந்தத் திரவம் நீண்ட நாள் தடுத்து நிறுத்தாது. ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டரையும் அடைப்பதில் மட்டும் தவறாது. அதன்பின் எஞ்சின் இன்னும் கொதிக்கும்.

கேள்வி: என்னுடையது டீசல் வண்டி. இதே முறைதானா?

அடிப்படை ஒன்றே, கேஸ்கெட் தேர்வு வேறு. பிஸ்டன் உச்சத்தில் பிளாக் முகத்துக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் எடுக்க வேண்டும். கேஸ்கெட்டின் ஓரத்திலுள்ள வெட்டுகளோ துளைகளோ அந்தத் தடிமனைக் குறிக்கும். எரிபொருள் பம்பும் குழாய்களும் தனிப் பயிற்சி கேட்பவை. அவற்றை டீசல் பம்ப் வல்லுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன. காரணம் என்னவாக இருக்கும்?

இது மின்சாரப் பிரிவைச் சேர்ந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட்டை மாட்டியாகிவிட்டது. குறி ஒரு பல் தள்ளியிருப்பது போல் தெரிகிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. பல எஞ்சின்களில் திறந்த வால்வும் மேலேறும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்து மோதிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று சுற்றும். எல்லாக் குறிகளும் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். நடுவில் எங்காவது கட்டியாக இடித்தால் அழுத்தித் திருப்பாதீர்கள். அங்கே வால்வு பிஸ்டனைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து வாருங்கள்.

கேள்வி: பழைய போல்ட்டைச் சுத்தம் செய்து போட்டால் போதுமா?

சற்று முன்புதான் பதில் சொன்னேன். போதாது. துளையைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். போல்ட் புதிதாக இருக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும்?

ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாக மாற்றுங்கள். பழைய ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தால், சிறிது தூரம் ஓட்டிய பின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டும். எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்திவைத்து, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். கூலண்டையும் நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

கூலண்டை மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் வழியும்வரை விடுங்கள். காருக்குள் இருக்கும் ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். சிறிது நேரத்தில் ஹீட்டரிலிருந்து சூடான காற்று வர வேண்டும். வெப்பமானி ஏறிக்கொண்டே போக, ஹீட்டர் காற்று மட்டும் குளிர்ந்தே இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, எஞ்சினை நிறுத்துங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 பாகை செல்சியஸுக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சின் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள். மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து, குறைந்திருப்பதை நிரப்புங்கள்.

சைலன்சரில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வரும். பழுதின்போது தேங்கிய கூலண்ட் ஆவியாகி வெளியேறுகிறது. எஞ்சின் நன்கு சூடான பின்னும் புகை நிற்காமல், கூலண்டும் குறைந்துகொண்டே இருந்தால் மறுபடி காற்றுச் சோதனை செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: கொஞ்சம் ஓட்டிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டுமா?

பழைய வகைக் கேஸ்கெட்டுக்குக் கையேடு சொன்னால் இறுக்குங்கள். எஃகு அடுக்குக் கேஸ்கெட்டைக் கோண முறையில் இறுக்கியிருந்தால், கையேடு கேட்காதவரை அந்தப் போல்ட்டுகளின் பக்கமே போகாதீர்கள்.