கறி வெந்த பிறகே புளியும் கருப்பட்டியும்

கேள்வி: தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். ராமேஸ்வரத்தில் கடை வேலை முடிந்து வீடு சேர மாலை ஆறரை ஆகிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடுவதால் பன்றி இறைச்சி வாங்குகிறோம். புளி, கருப்பட்டி சேர்த்துப் பிரட்டினால் பாகு கருகிக் கசக்கிறது. கறி ரப்பராக இழுக்கிறது. ஒரு மணி நேரமாவது வேகவைக்க வேண்டும் என்கிறார், பல் வலுவில்லாத என் மாமியார். அரை மணி நேரத்தில் செய்ய வழி உண்டா?

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகச் செய்யலாம். உங்கள் மாமியார் சொல்வதும் சரிதான். ஆனால் அது தொடை, விலா, தோலோடு கூடிய கறிக்குப் பொருந்தும். அவற்றின் சவ்வு இளக நேரம் வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய கொழுப்பில்லாத சதைக்கு அத்தனை நேரம் கொடுத்தால் சாறெல்லாம் வற்றி, நீங்கள் சொல்லும் ரப்பராகிவிடும். எனவே பாதி வேலை கடையிலேயே முடிகிறது. வெண்பன்றிக் கறி விற்கும் கடையில் அந்த முதுகுச் சதையை அரைக் கிலோ கேளுங்கள். எலும்போடு கொத்த வேண்டாம், முழுசாகவே கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். சதைக்குள் அரிசி போல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் வாங்காதீர்கள். அவை நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். தெருவில் மேயும் பன்றியின் கறியும் வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டில் படகுக்குப் போகிறவர் இருந்தால் மாலை ஆறு மணிக்கு அவரே கறியை நறுக்கட்டும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, சுண்டுவிரல் கனத்தில் நறுக்கி, உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் தடவி வைத்தால் போதும். புளியில் ஊறவைக்கக் கூடாது. நேரம் கூடினால் மேல்சதை மாவாகிவிடும். நெல்லிக்காய் அளவு புளியைத் தனியாக அரைக் கோப்பை நீரில் ஊறப்போடலாம்.

நீங்கள் வந்ததும் கறியைத் துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் கறி சிவக்காது, அவியும். இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை நெருக்காமல், இரண்டு தடவையாகப் போட்டுப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வாட்டித் தட்டில் எடுத்துவையுங்கள்.

இப்போதுதான் பாகு. கருப்பட்டியில் இருக்கும் சர்க்கரை, காய்ந்த இரும்பில் கறியோடு சேர்ந்து வதங்கினால் கருகத்தான் செய்யும். நீங்கள் முதலிலேயே சேர்த்ததுதான் கசப்புக்குக் காரணம். அதே வாணலியில் தட்டிய பூண்டு ஆறு பல், ஒன்றிரண்டாகப் பொடித்த முண்டு மிளகாய் நான்கு போட்டு வதக்குங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறத்துக்கும் மணத்துக்கும் அதுவே போதும், பாட்டில் சாஸ் எதற்கு? பிறகு புளிக்கரைசலை ஊற்றி, எலுமிச்சை அளவு கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டிச் சேருங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. தீயைக் குறைத்து, கரண்டியில் ஒட்டி மெல்ல இறங்கும் பதம் வரும்வரை கொதிக்கட்டும். கறியைத் தட்டில் ஊறிய சாற்றோடு சேர்த்துப் போட்டு, இரண்டு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். பளபளவென்று பாகு பூத்து நிற்கும்.

இறக்குமுன் கனமான ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. உணவு வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அவசரத்திலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுடுசோறும் வெங்காயப் பச்சடியும் இதற்குப் பொருத்தம், குழம்பு வேண்டியதில்லை.

மாமியாரின் பங்கை வாட்டிய பிறகு மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, பாகில் இரண்டு கரண்டி சுடுநீர் விட்டுத் தளர்த்திக் கொடுங்கள். மெல்ல எளிதாக இருக்கும்.