புகையடித்தும் நுளம்பு ஏன் திரும்பி வருகிறது?

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "எல்லாரும் காசு சேர்த்து இரண்டு தடவை புகையடித்தோம். ஒரு கிழமையில் நுளம்பு திரும்பிவிட்டது. கூடக் காசு தந்தால் கடும் மருந்து அடிக்கலாம் என்கிறார் அடித்தவர். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. புகை அந்த நேரம் பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். அடுத்த தொகுதி தண்ணீருக்குள் இருக்கிறது. முட்டை பொரித்துக் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாய்ப் பறக்கக் கொழும்புச் சூட்டில் 7 முதல் 10 நாள் போதும். உங்கள் ஒரு கிழமைக் கணக்கு அதுதான். மருந்து காணாது என்பது வியாபாரப் பேச்சு. அதே ஆள் அடுத்த மாதமும் வந்து கதவைத் தட்டுவார்.

சிலர் குடம்பிக்குத் தூள் போடச் சொல்வார்கள். பக்டீரியாவில் செய்த அந்தத் தூளைக் குடம்பி தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. காற்புள்ளி போல வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போடுமே, அதுதான் கூட்டுப்புழு. ஏறக்குறைய இரண்டு நாள் பட்டினியாய்க் கிடந்து நுளம்பாகப் பறந்துவிடும். தூள் போட்ட தண்ணீரிலும் பறக்கும்! விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. வாளியில் இது தெரிந்தால் தூளை நம்பாமல் தண்ணீரை வெறும் மண்ணில் ஊற்றுங்கள்.

ஊற்றியதோடு விட்டுவிடவும் கூடாது. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பால் நன்றாக உரசிக் கழுவுங்கள், கிழமைக்கு ஒரு தடவை.

2017இல் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட நாடு இது. இன்னும் யாராவது காய்ச்சலில் விழுந்த பிறகுதான் புகை இயந்திரம் தெருவுக்கு வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் அதற்குக் காத்திருக்க வேண்டாம். பிரிட்ஜின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, எறும்புக்காக அலுமாரிக் காலடியில் வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் இன்றைக்கே பாருங்கள். அப்புறம் கூரைப் பீலி. அதைக் கவனிக்க ஆளில்லை என்றால், சேர்த்த காசில் ஒருவரை ஏற்றிச் சருகை அள்ளச் சொல்லுங்கள்.