கணினி கேள்வி – பதில்: கடலுக்குள் போன இரணைமடு

குளங்களின் விபரத்தைப் பைத்தன் நிரலில் ஷேப்பைலாக (வரைபடத் தரவுக் கோப்பு வகை) எழுதுகிறேன். 'குளம்' என்ற வகுப்புக்குள்ளேயே (class) எழுதும் முறையையும் வைத்திருக்கிறேன். 'முத்தையன்கட்டுக்குளம்' என்பது 'முத்தையன்கட்டுக்' என்று நின்று, பிறகு கேள்விக்குறி வருகிறது. 50 எழுத்து ஒதுக்கியிருக்கிறேனே?
– வாசகர், ஒட்டுசுட்டான்

நீங்கள் ஒதுக்கியது 50 எழுத்தல்ல, 50 பைற். எழுத்துகளைப் பைற்றாகச் சேமிக்கும் யூரிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற். 'மு' என்றால் மகரமும் உகரக் குறியும் சேர்ந்து 6. அந்தப் பெயர் முழுவதும் 21 குறி, 63 பைற். 50இல் வெட்டும்போது 16 குறி முழுதாகத் தப்பும். அடுத்த ககரத்தில் 2 பைற் மட்டும் தொங்கும். அதுதான் கேள்விக்குறி.

ஷேப்பைலில் விபர அட்டவணையைத் தாங்கும் டிபிஎஃப் கோப்பில் எழுத்துப் புலத்துக்கு (நிரலுக்கு) 254 பைற் வரை கொடுக்கலாம், கொடுத்துவிடுங்கள். புலத்தின் தலைப்புக்கோ 10 பைற்தான். 'பெயர்' என்று வைக்கவே 15 வேண்டும், ஆகவே தலைப்பை ஆங்கிலத்தில் வையுங்கள். கூடவே குறிமுறையைச் சொல்லும் சிபிஜி கோப்பில் யூரிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் திறக்கிற மென்பொருள் குறிமுறையை ஊகிக்கும், தமிழ் சிதறும்.

இந்தக் கணக்கெல்லாம் 'குளம்' வகுப்புக்கு எதற்கு? அதற்குப் பெயர், எல்லை, ஆள்கூற்று முறை (இட எண்களை எந்தக் கட்டத்தில் வாசிப்பது என்பது) போதும். ஷேப்பைலுக்கு ஒன்று, இன்னொரு வரைபடக் கோப்பு வகையான ஜியோபக்கேஜுக்கு ஒன்று என எழுதும் வகுப்புகளைப் பிரித்து, இரண்டுக்கும் ஒரே 'எழுது' முறையை வையுங்கள். ஜியோபக்கேஜ் உள்ளே எஸ்கியூலைட் தரவுத்தளம். இந்த 10, 254 தொல்லை அங்கே இல்லை. கேட்பவர் ஷேப்பைலில்தான் பிடிவாதமாக நின்றால் ஒழிய, ஜியோபக்கேஜையே எழுதுவேன்.

பழைய வரைபடத்தில் எடுத்த இரணைமடு, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் விழுகிறது. ஏன்?
– வாசகி, கிளிநொச்சி

கிழக்குத்தூரம் ஏறத்தாழ 1,65,000 மீற்றர் என்று இருக்கிறதா? அப்படியானால் அது இலங்கையின் பழைய கண்டவளை ஆள்கூற்றுக் கட்டம் (ஈபிஎஸ்ஜி பட்டியலில் அதன் எண் 5234). அதன் தொடக்கப்புள்ளிக்கு 2,00,000, 2,00,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 1999 கட்டத்தில் (5235) அது 5,00,000, 5,00,000. பழைய எண்ணைப் புதிய கட்டமாக வாசித்தால் குளம் மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் நகர்ந்துவிடும். 3,00,000ஐக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம், டேட்டமும் (பூமியில் அளவைப் பொருத்தும் அடிப்படை) வேறு. ஆள்கூறுகளை மாற்றும் புரோஜ் என்ற நிரல் நூலகத்தால் மாற்றுங்கள். வாசிக்கும் வகுப்பில் ஆள்கூற்று முறைக்கு இயல்பு மதிப்பே வைக்காதீர்கள். அந்த முறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு இல்லையென்றால் பிழை எறிந்து நிற்கட்டும்.

எழுதிய ஷேப்பைலில் கடைசிக் குளங்கள் இல்லை. பிழைச்செய்தியும் இல்லை.
– வாசகர், மாங்குளம்

கோப்பு மூடப்படவில்லை. இடைநினைவில் கிடக்கும் பதிவுகள் வட்டுக்குப் போவதும், கோப்பின் தொடக்கத்திலுள்ள 100 பைற் தலைப்பில் அதன் நீளம் திருத்தப்படுவதும் மூடும்போதுதான். எழுதும் வகுப்பைப் பைத்தனின் 'வித்' (with) கட்டுக்குள் திறவுங்கள், முடிவில் கோப்பு தானாக மூடப்படும்.